கேள்வியே புரியலைன்னா பதில் எப்படி வரும்? வினாத்தாள் தமிழைச் சொல்லிக்கொடுக்கிறது பத்தி

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு கோடிங் இல்லை, பரீட்சை.

லீவுக்கு அலங்காநல்லூர் வந்தா, சாயங்காலம் எங்க தெருப் பிள்ளைக நோட்டோட திண்ணைக்கு வந்துருவாங்க. போன தடவை பத்தாவது படிக்கிற ஒரு பொண்ணு அறிவியல் பேப்பரைக் காட்டுச்சு. கேள்வி: ‘தமனி, சிரை – வேறுபடுத்துக.’ தமனியைப் பத்தி ஒரு பத்தி, சிரையைப் பத்தி ஒரு பத்தி எழுதியிருந்துச்சு. ஒரு வரிகூடத் தப்பில்லை, ஆனா பாதி மார்க்தான். “எனக்கு சயின்ஸ் வராதுண்ணே”ன்னு சொல்லுச்சு.

அதுக்கு சயின்ஸ் நல்லாவே வருது. புரியாதது ‘வேறுபடுத்துக’ங்கிற ஒரே ஒரு சொல்தான். ஆனா அந்தப் பிள்ளை முடிவு பண்ணினது தன்னைப் பத்தி. பதினொண்ணாவதுல எந்த குரூப் எடுக்கிறதுங்கிறது வரைக்கும் அந்த முடிவு போகும்.

யாரும் சொல்லித்தராத அடுக்கு

இசபெல் பெக்கும் அவரோட சக ஆய்வாளர்களும் 2002-ல எழுதின ஒரு புத்தகத்துல சொற்களை மூணு அடுக்காப் பிரிக்கிறாங்க. முதல் அடுக்கு அன்றாடச் சொற்கள், வீட்டுலயே வந்துரும். மூணாவது, ‘ஒளிச்சேர்க்கை’ மாதிரி பாடத்துக்கே உரிய சொற்கள். அதை டீச்சர் நிறுத்தி விளக்குவாங்க. நடுவுல இருக்கிறதுதான் சிக்கல்: எல்லாப் பாடத்துலயும் வரும், ஆனா எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லை. வேறுபடுத்துக, நிறுவுக, தருவி, எவையேனும் எல்லாம் இந்த வகை. அறிவியல் வாத்தியார் இது தமிழ்னு நினைப்பார், தமிழ் ஐயா இது அறிவியல்னு நினைப்பார்.

நம்மளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேற வேற. ‘விளக்குக’, ‘கூறுக’ எல்லாம் வியங்கோள் வினைமுற்று. இலக்கணப் பாடத்துல அதைப் படிக்கிறோம்; ஆனா வீட்டுல யாராவது “சட்னியை அரைக்க”ன்னு கட்டளை போட்டுக் கேட்டிருக்கீங்களா? அதனால தமிழ் மீடியம்னாலே கேள்வி புரிஞ்சிரும்னு நினைக்கக் கூடாது.

மூணு சொல், மூணு வழி

முதல்ல ‘வேறுபடுத்துக’. இதுக்கு ‘அடிப்படை’ன்னு ஒரு மூணாவது கட்டம் வேணும். ரத்தம் போற திசை: தமனியில இதயத்துல இருந்து வெளியே, சிரையில இதயத்துக்கு. சுவர்: தமனிக்குத் தடிப்பு, சிரைக்கு மெலிசு. ஒவ்வொரு வரியிலயும் ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கணும். நான் பாடத்துல ஆரம்பிக்கலை. “ஜல்லிக்கட்டுக்கும் வெளிவிரட்டுக்கும் என்ன வித்தியாசம்?”னு கேட்டேன். “அதுல வாடிவாசல் வழியா வரும், இதுல திறந்த வெளியில அவிழ்த்து விடுவாங்க”ன்னு உடனே பதில். மாடு எங்க இருந்து வருதுங்கிற அடிப்படையை அவங்களாவே பிடிச்சுட்டாங்க.

ரெண்டாவது, ‘சரிபார்க்க’வும் ‘நிறுவுக’வும். ரெண்டு ஒற்றைப்படை எண்ணைக் கூட்டினா இரட்டைப்படை வரும். 3-ம் 5-ம் கூட்டினா 8. இது சரிபார்த்தல், சாஃப்ட்வேர்ல டெஸ்ட் கேஸ் ஓட்டுற மாதிரி. நூறு டெஸ்ட் பாஸ் ஆனாலும் நூத்தியொண்ணாவது உடையலாம். ‘நிறுவுக’ன்னா எல்லா எண்ணுக்கும் ஏன்னு சொல்லணும்: ஒற்றைப்படை எண்ணை ஜோடி ஜோடியாப் பிரிச்சா ஒண்ணு மிஞ்சும், ரெண்டு எண்ணுல மிஞ்சின ரெண்டும் சேர்ந்து ஒரு ஜோடி ஆயிரும். ‘நிறுவுக’ன்னு கேட்ட இடத்துல உதாரணம் மட்டும் எழுதினா மார்க் போயிரும்.

மூணாவது, ‘கூற்று–காரணம்’. ரெண்டும் சரின்னாலே முதல் ஆப்ஷனை டிக் அடிச்சிடுறாங்க. நான் சொல்ற வழி: நடுவுல ‘ஏன்னா’ போட்டுப் படி. “அலங்காநல்லூர்ல தை மூணாம் தேதி ஜல்லிக்கட்டு, ஏன்னா காளைக்குத் திமில் இருக்கு.” திண்ணையே சிரிச்சது. ரெண்டு வாக்கியமும் உண்மை, ஆனா இது அதுக்குக் காரணம் இல்லை.

தப்பு எப்பவும் பிள்ளை மேல இல்லை

கேள்வியே தப்பா இருந்தா? 2018 நீட் தேர்வுல தமிழ் வினாத்தாள்ல 49 கேள்விகள்ல மொழிபெயர்ப்புப் பிழைன்னு வழக்கு போச்சு. ஜூலை 10-ஆம் தேதி நம்ம மதுரைக் கிளை, கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் கொடுக்கச் சொல்லுச்சு. அதே மாசம் உச்ச நீதிமன்றம் தடை விதிச்சது, பிறகு அந்தத் தீர்ப்பை ரத்தே பண்ணுச்சு. சந்தேகம் வந்தா ஆங்கில வினாத்தாள்தான் இறுதிங்கிறது தேர்வு விதி. ஒரு சொல்லுக்கு எவ்வளவு விலைன்னு இதுல தெரியுது. வினாத்தாள் எழுதுறவங்க தெளிவா எழுதணும். அதைக் கேட்டுக்கிட்டேதான் இருக்கணும். ஆனா அதுவரைக்கும் நம்ம பிள்ளைகளைத் தயார் பண்ணவும் வேணும்.

நீங்க செய்யக்கூடியது

பழைய வினாத்தாள் ஒண்ணு எடுங்க. பதில் எழுதச் சொல்லாதீங்க. ஒவ்வொரு கேள்வியிலயும் ‘என்ன செய்யச் சொல்றாங்க’ங்கிற சொல்லை மட்டும் வட்டம் போடச் சொல்லுங்க. அதையே அவங்க பேச்சுல சொல்லச் சொல்லுங்க. அப்புறம் அதே சொல்லை வெச்சு அவங்களே ஒரு கேள்வி தயாரிக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு சொல், பத்து நிமிஷம் போதும்.

அந்தப் பொண்ணு அன்னைக்கே அதே கேள்விக்கு மூணு கட்டம் போட்டு மறுபடி எழுதுச்சு. புதுசா ஒரு வரிகூடப் படிக்கலை, தெரிஞ்சதை எதிரெதிரா அடுக்குச்சு, அவ்வளவுதான். “இதைத்தான் கேட்டாங்களாண்ணே?”ன்னுச்சு. ஆமா தாயி, இதைத்தான் கேட்டாங்க.

உங்களை ஏமாத்தின வினாத்தாள் சொல் எது? வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல பேசுவோம்.