கொதிக்கும் நீரும் அடுப்பு விறகும்

உலை கொதித்த பின்னரும் அடுப்பில் விறகைத் திணித்தால் சோறு விரைவில் வேகுமென்ற எண்ணம் பல இல்லங்களில் உண்டு. இது தவறாகும். திறந்த பானையிலுள்ள நீர், கடல் மட்டத்தையடுத்த இடங்களில் ஏறக்குறைய 100 பாகை செல்சியசிற் கொதிக்கும். அதன்பின் எவ்வளவு எரித்தாலும் அதன் சூடு ஏறாது. மேலதிக வெப்பம் நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகும்.

அச்செலவு சிறிதன்று. 30 பாகையிலுள்ள ஒரு லீற்றர் நீரைக் கொதிக்கச் செய்யும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கும் அதிகமான வெப்பம், கொதித்த அந்நீர் முழுவதையும் ஆவியாக்கத் தேவைப்படும். ஆகவே, உலை கொதித்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்துவிடலாம். மெல்லக் கொதிக்கும் நீரும் தளதளவெனக் கொதிக்கும் நீரும் ஒரே சூடுடையன.

ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகத் தாமதிப்பது விறகின் குற்றமன்று. உப்பிட்டு இக்குறையை நீக்க முயல்வதும் வீண். லீற்றருக்கு 58 கிராம் உப்பிட்டாலும் கொதிநிலை ஒரு பாகையளவே உயரும். கறியோ வாயில் வைக்க முடியாததாகும்.

நெல் அவிக்குமிடத்து அவ்வாவியே பெரிதும் பயன்படுகின்றது. குளிர்ந்த மணியிற் பட்டு மீண்டும் நீராகும்போது, தான் ஆவியாவதற்குக் கொண்ட வெப்பத்தை அது மணிக்குக் கொடுத்துவிடுகின்றது. எனவே, ஊறிய நெல்லை நிறைந்த நீரில் அமிழ்த்தி அவிக்க வேண்டியதில்லை. பாத்திரத்தின் அடியிற் சிறிதளவு நீர் விட்டு, அதன்மேல் துளையுள்ள தட்டில் நெல்லைப் பரப்பி மூடி அவித்தால் விறகு மீதமாகும். மணியினுள்ளிருக்கும் மாப்பொருள் பசையாகி வெடிப்புக்களை மூடுவதால், நன்கு அவித்துப் பக்குவமாக உலர்த்திய நெல் குத்தும்போது குறைவாகவே நொறுங்கும். அவிக்கும்போது அடிநீர் வற்றாதபடி பார்த்துக்கொள்ளல் வேண்டும்.