குதிரும் குடிசையும்

மகாகவி பாரதியின் பெயரைத் தாங்கிய வடசென்னை எம்.கே.பி. நகரில் இன்று வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு, ஆலையையும் துறைமுகத்தையும் நம்பிப் பட்டணம் வந்து சேர்ந்த ஒரு பாட்டனாரும், அவர் பிரிந்து வந்த ஒரு கிராமமும் உண்டு. அந்தக் கிராமத்து உழவர் வீடு எப்படியிருந்தது என்று பேரக்குழந்தை கேட்டால், வாயால் வருணிப்பதைக் காட்டிலும் பிரத்தியட்சமாகக் காட்டுவதே உத்தமம். அதற்கான இடம் சென்னைக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில், முட்டுக்காட்டில், தட்சிணசித்ரா என்னும் பெயரோடு இருக்கிறது.

1984-இல் டெபோரா தியாகராஜன் அம்மையார் மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார். இடிக்கப்படும் தறுவாயில் இருந்த பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, தூண் தூணாக, பலகை பலகையாகப் பிரித்தெடுத்து, 10 ஏக்கர் நிலத்தில் மறுபடியும் பொருத்தி நிறுத்தும் பிரயாசையின் பலனாக, 1996 டிசம்பரில் இக்காட்சியகம் மக்களுக்குத் திறக்கப்பட்டது. இதற்குத் திட்டம் வகுத்தவர் சிக்கனக் கட்டடக் கலையில் புகழ்பெற்ற லாரி பேக்கர். செட்டிநாட்டு வணிகர் இல்லம், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, கேரளத்துப் புதுப்பள்ளியிலிருந்து வந்த மரவீடு ஆகியவற்றோடு தஞ்சாவூர் விவசாயி ஒருவரின் வீடும் இங்கே இருக்கிறது. வீட்டைக் காப்பதோடு நில்லாமல், அதில் நடந்த தொழிலையும் கண்முன் நடத்திக் காட்டும் இந்த முறைக்கு, ஸ்வீடன் தேசத்தில் ஆர்ட்டூர் ஹாஸெலியஸ் 1891-இல் ஸ்டாக்ஹோம் நகரில் திறந்த ஸ்கான்ஸன் முன்னோடி. பண்ணை வீடுகளுடன் நாட்டுக் கால்நடைகளையும் அங்கே வளர்த்து வருகிறார்கள்.

உழவர் வீடு என்பது மனிதருக்காகக் கட்டப்பட்டதைப் போலவே நெல்லுக்காகவும் கட்டப்பட்டது என்பது என் அபிப்பிராயம். வெயில் விழும் முற்றம் தானியம் காயவும், நிழல் விழும் திண்ணை வழிப்போக்கர் இளைப்பாறவும், பின்கட்டுத் தொழுவம் ஏர்மாடுகள் நிற்கவும் அமைந்தன. நெல்லைச் சேமித்து வைக்கும் குதிரின் யுக்தியோ தனி விசேஷம்: மண்ணால் வனைந்த உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சந்துகளில் மண்ணும் சாணமும் குழைத்துப் பூசி, மேலே நெல்லைக் கொட்டி வாயை மூடிவிட்டு, வேண்டும்போது அடித்துவாரத்தின் வழியே எடுப்பார்களாதலால், முதலில் போட்ட நெல்லே முதலில் வெளிவரும். உலக்கை, முறம், மரக்கால் என்று அந்த வீட்டில் புழங்கிய ஒவ்வொன்றும் நெல்லைப் பின்தொடர்ந்தவைதாம்.

ஆயினும் அந்தக் குதிரில் நெல்லை நிரப்பியவர்கள் அதே கூரையின் கீழ் உறங்கியவர்கள் அல்லர். நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்துக் கட்டித் தலைச்சுமையாகக் களத்தில் சேர்த்த பண்ணையாட்களின் குடிசைகள், மண்ணும் மூங்கிலும் ஓலையுமானவையாதலால், தேக்குத் தூண்களைப் போலப் பிரித்து வண்டியில் ஏற்றிக் கொண்டுவரக் கூடியவை அல்ல. ஓரிரு மழைக்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தால் மண்ணோடு மண்ணாகிவிடும். வடசென்னைக்கு வந்தவர்களில் மிகப் பலர் அத்தகைய குடிசைகளிலிருந்தே வந்தார்கள் என்பதை நினைக்கையில், கற்சுவர்களை மட்டும் நம்பிச் சரித்திரத்தைக் காத்துவிட முடியும் என்று என்னால் எண்ண இயலவில்லை. வீடு முட்டுக்காட்டுக்கு வந்தது. வயலும் வாய்க்காலும் தஞ்சையிலேயே நின்றுவிட்டன.

ஆகவே காவிரிப் பாசனத்தில், இருந்த இடத்திலேயே ஒரு பண்ணையை அதன் வயலோடும், மாடுகளோடும், மிராசுதார் வீட்டோடும், பண்ணையாட்களின் தெருவோடும் ஒருசேரக் காக்க வேண்டும். நாற்றங்கால் முதல் போரடிப்பு வரை ஒவ்வொரு பருவத்திலும் அங்கே வேலை நடக்க வேண்டும். ஓலை முடையவும் குதிருக்கு மண் குழைக்கவும் அறிந்த முதியோர் எம்.கே.பி. நகரிலும் வியாசர்பாடியிலும் இன்னும் இருப்பார்கள். அவர்களை அழைத்துக் கேட்டு எழுதிக்கொள்வதை, அந்தப் பண்ணைக்கு நிலம் கிடைப்பதற்கு முன்பே தொடங்கலாம்.