பேராதனை: அறை இருந்த காலமும் வாசல் திறந்த காலமும்

பேராதனைப் பல்கலைக்கழகம் நிற்கும் மண், அதற்கு முன்பு தோட்ட மண். ஹந்தான மலைச்சரிவுக்கும் மகாவலி கங்கைக்கும் நடுவே 'நியூ பேராதனை' என்ற தோட்டம் இருந்த இடத்தில்தான் இன்று செனட் கட்டடமும் நூலகமும் விடுதிகளும் நிற்கின்றன. கண்டியிலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் கலஹா வீதிச் சந்தி வந்துவிடும். அங்கே இறங்கி நடப்பவர்களுக்கு இன்றும் முதலில் கண்ணில் படுவது கண்டிய பாணிக் கூரைகளும், செதுக்கிய தூண்களும், பருவம் வந்தால் இளஞ்சிவப்பாய்க் கொட்டும் ரொபரோசியாப் பூக்களும்தான். எழுபது ஆண்டுகளுக்கு முன்பு வந்தவர்களும் ஏறத்தாழ இதையேதான் பார்த்தார்கள். கட்டடங்கள் அதிகம் மாறவில்லை. அவற்றுக்குள் யார் வருகிறார்கள், எப்படி வாழ்கிறார்கள் என்பது முற்றிலும் மாறிவிட்டது.

கொழும்பா, கண்டியா?

இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906-இலேயே சங்கம் கூட்டிக் கேட்டவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921-இல் கிடைத்ததோ ஒரு பல்கலைக்கழகக் கல்லூரி. லண்டன் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்வதே அதன் வேலை. பல்கலைக்கழகத்தை எங்கே கட்டுவது என்ற வழக்கு அதன்பிறகும் ஓயவில்லை. கொழும்பில் இருந்தால் வீட்டிலிருந்தே போய்ப் படிக்கலாம், செலவு குறையும் என்றது ஒரு தரப்பு. நகரத்து ஆரவாரத்திலிருந்து விலகி, ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் தங்கிப் படிப்பதே படிப்பு என்றது மறுதரப்பு. பத்திரிகை அதிபர் டி. ஆர். விஜேவர்தன இரண்டாம் தரப்புக்குத் தோள் கொடுத்தார். முதலில் தும்பறைப் பள்ளத்தாக்கு என்றார்கள். கடைசியில் 1938-இல் பேராதனை என்று முடிவாயிற்று.

1942 ஜூலை 1-ஆம் திகதி இலங்கைப் பல்கலைக்கழகம் கொழும்பில் பிறந்தபோது மாணவர்கள் 904 பேர். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ், அரசியலமைப்புச் சட்ட அறிஞர். லண்டனின் நகரத் திட்டத்தால் பெயர்பெற்ற பற்றிக் அபர்குரொம்பி பேராதனைக்கு வரைபடம் தீட்ட, பல்கலைக்கழகக் கட்டடக்கலைஞர் ஷர்லி டி அல்விஸ் அதற்கு உள்ளூர் உருவம் கொடுத்தார். 1952 ஒக்டோபரில் பெருந்தொகையான மாணவர்கள் மலைக்கு இடம்பெயர்ந்தார்கள். 1954 ஏப்ரல் 20-ஆம் திகதி எலிசபெத் மகாராணியாரின் முன்னிலையில் திறப்புவிழா. ஏற்கெனவே மாணவர்கள் குடியிருந்து படித்துக்கொண்டிருந்த இடத்தைத் திறக்கச் சொன்னதால், இந்தப் பல்கலைக்கழகம் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் திறந்திருப்பதாக அறிவிக்கிறேன் என்று மகாராணியாரின் கணவர் எடின்பரோ கோமகன் பகிடியாகச் சொன்னாராம். பேராதனையில் படித்தவர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கும் கதை இது.

வாசல்

அன்றைய பேராதனைக்குள் வரப் பல்கலைக்கழகம் நடத்தும் நுழைவுப் பரீட்சையில் தேற வேண்டும். பரீட்சையும் ஆங்கிலத்தில், பாடமும் ஆங்கிலத்தில். கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம், காலி ஆகிய ஊர்களின் பெரிய ஆங்கிலப் பள்ளிக்கூடங்களின் பிள்ளைகளே பெரும்பாலும் தெரிவானார்கள். 1945-இல் இலவசக் கல்வி பல்கலைக்கழகம் வரை நீண்டது உண்மை; ஆனால் ஆங்கிலம் என்ற மதில் அப்படியே நின்றது. அந்த மதில் 1960-இல் உடைந்தது. கலைப் பாடங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் படிக்கலாம் என்றானதும் கிராமத்துப் பிள்ளைகள் வந்தார்கள். சில ஆண்டுகளில் மாணவர் தொகை பலமடங்கானது.

எழுபதுகளில் மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிக்கட்டும் தரப்படுத்தல் வந்தது. கூடுதல் புள்ளி எடுத்தும் மருத்துவமோ பொறியியலோ கிடைக்காமல் போன தமிழ் இளைஞர்களின் கசப்பு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை நாடே அறியும். பிறகு மாவட்ட ஒதுக்கீடு வந்தது. இன்று க.பொ.த. உயர்தரத்தின் இசட் புள்ளிதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் நூற்றுக்கு நாற்பது இடம் நாடளாவிய திறமைக்கு, மாவட்ட அடிப்படையில் ஐம்பத்தைந்து, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக ஐந்து. ஆண்டுதோறும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அரச பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவாகிறார்கள். 1942-இல் நாடு முழுவதற்கும் 904 பேர். இன்று ஒன்பது பீடங்கள் கொண்ட பேராதனையில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல். கலைப்பீடத்து விரிவுரை மண்டபத்தில் பெண்களே பெரும்பான்மை. அன்றைக்கு இதை ஜெனிங்ஸ் நினைத்தும் பார்த்திருக்க மாட்டார்.

வழி

யாழ்ப்பாணத்துப் பிள்ளை அன்று பேராதனைக்கு வர ரயிலையே நம்பியிருந்தான். வடபகுதி ரயிலில் வந்து பொல்காவலையில் இறங்கி, கண்டி ரயிலுக்கு மாறவேண்டும். தகரப் பெட்டியும், அம்மா கட்டிக்கொடுத்த பலகாரமும், கூடவே ஊர்க்காரச் சீனியர் ஒருவரும் இருந்தால் பயணம் சுகம். 1990-இல் யாழ்ப்பாண ரயில் நின்றது. கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி ஆண்டுக்கணக்கில் அடைபட்டும் திறந்தும் கிடந்தது. வடக்கிலிருந்து ஒரு பிள்ளையை மலைநாட்டுக்கு அனுப்புவது பெற்றோருக்கு வயிற்றில் நெருப்பைக் கட்டுவதாக இருந்தது. 2014-இல் ரயில் மறுபடியும் யாழ்ப்பாணம் போனது. இன்று இரவு பஸ் ஏறினால் விடியக் கண்டி. வளாகத்துக்கென்றே 'சரசவி உயன' என்ற சிறு ரயில் நிலையமும் இருக்கிறது.

அறை

ஜெனிங்ஸின் கனவில் விரிவுரை பாதி, விடுதி மீதி. இராமநாதன், அருணாசலம், ஜெயதிலக, மார்ஸ், ஹில்டா ஒபேசேகர என்று ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு பொறுப்பாளர்; மேசை விரிப்பிட்ட சாப்பாட்டு மண்டபம்; நடுவே பூந்தோட்டம். தனி அறை, அல்லது இருவருக்கு ஓர் அறை. கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடிக்கப் பழகுவதும் படிப்பின் ஒரு பகுதி. ஒக்ஸ்பெர்ட், கேம்பிரிட்ஜ் வாழ்க்கையை மகாவலிக் கரையில் நட்டுப் பார்த்தார்கள். இது சீமான் வீட்டுப் பழக்கம் என்று அன்றே கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு நன்மை இருந்தது. பருத்தித்துறைக்காரனும் மாத்தறைக்காரனும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள், ஒரே மைதானத்தில் விளையாடினார்கள், ஒரே மொழியில் வாதாடினார்கள். அந்த மொழி ஆங்கிலமாக இருந்தது. அதுவே அதன் வலிமையும் குறையும்.

இன்று அதே அறையில் நான்கு பேர், சில இடங்களில் அதற்கும் மேல். விடுதி கிடைக்காதவர்கள் ஹிந்தகல, பெனிதெனிய, கன்னொறுவ பக்கம் போடிங் தேடி அலைகிறார்கள். மஹாபொல புலமைப்பரிசில் பணத்தில் அறை வாடகையும் கன்டீன் சாப்பாடும் போட்டோகொப்பிச் செலவும் சமாளிக்க வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் ஒருவேளைச் சாப்பாட்டை விட்டுப் படித்தவர்கள் இந்தத் தலைமுறைதான். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும்: பரீட்சைக்கு முந்திய வாரங்களில் சீனியர்களும் சக மாணவர்களும் இரவிரவாக இருந்து பாடம் விளங்கப்படுத்தும் 'குப்பி' வகுப்பு, ஜெனிங்ஸின் திட்டத்தில் இல்லாதது. ஆங்கிலத்தில் திடீரெனப் பொறியியல் படிக்க வந்து திணறும் கிராமத்துப் பிள்ளையைக் கரைசேர்ப்பது பல வேளைகளில் அதுதான். அதைக் கண்டுபிடித்தவர்கள் மாணவர்களே.

மேடை

ஐம்பதுகளும் அறுபதுகளும் பேராதனையின் கலை உச்சம். எதிரிவீர சரச்சந்திர 1956-இல் 'மனமே' நாடகத்தைப் படைத்துச் சிங்கள நாடகத்தின் போக்கையே மாற்றினார். 1961-இல் 'சிங்கபாகு' வந்தது. இன்று அவர் பெயரைத் தாங்கும் மலைச்சரிவுத் திறந்தவெளி அரங்கை மாணவர்கள் 'வல' என்பார்கள். பக்கத்துத் துறையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். நமது நாட்டுக்கூத்துக்கும் இப்படி ஓர் உயிர் கொடுக்கலாமே என்று மாணவர்களைத் திரட்டினார். 1962-இல் 'கர்ணன் போர்', அடுத்து 'நொண்டி நாடகம்', 1964-இல் 'இராவணேசன்'. மட்டக்களப்புக் கூத்தின் ஆட்டமும் தாளமும் பல்கலைக்கழக மேடை ஏறின. 'இராவணேசன்' நாடகத்தில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளில் ஈழத்து அரங்கின் பெரிய ஆளுமையானார்.

தமிழ்த்துறையில் க. கணபதிப்பிள்ளையும் வி. செல்வநாயகமும் பாடம் நடத்த, க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் மாணவர்களாக இருந்து கேட்ட காலம் அது. தமிழ்ச் சங்கத்தின் 'இளங்கதிர்' மலரில் அவர்களுடைய எழுத்தின் தொடக்கத்தைக் காணலாம். ஈழத்து இலக்கிய விமர்சனத்தின் பாதித் திண்ணை பேராதனையில்தான் போடப்பட்டது என்றால் மிகையில்லை. 1974-இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவராகக் கைலாசபதி போனார். அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தராக வித்தியானந்தன் போனார். பேராதனை கொடுத்தது பெரிது; அதனால் அது இழந்ததும் பெரிது. இன்றும் 'வல'வில் நாடகம் உண்டு, குறிஞ்சிக் குமரன் ஆலயத்தில் சரஸ்வதி பூசை உண்டு, தமிழ் விழாக்கள் உண்டு. ஆனால் சரச்சந்திரவைப் பார்த்து வித்தியானந்தன் தூண்டப்பட்டதைப் போன்ற ஒரு நிகழ்வு திரும்ப நடக்கவில்லை. இரு மேடைகளும் இப்போது ஒன்றை ஒன்று பார்ப்பதேயில்லை.

அச்சம்

அழகைப் பற்றி மட்டும் எழுதினால் பேராதனைக்கு அநியாயம். 1971 இளைஞர் ஆயுதக் கிளர்ச்சியில் இங்கிருந்து போன இளைஞர்கள் பலர். 1976 நவம்பர் 12-ஆம் திகதி பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் ஒரு மாணவர் வளாகத்திலேயே இறந்தார். 1983 மே மாதம், ஜூலைக் கலவரத்துக்கு முன்பே, தமிழ் மாணவர்கள் இங்கே தாக்கப்பட்டார்கள். இரண்டாவது கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தில், 1989 ஒக்டோபரில் ஒருநாள் காலை, வளாகத்து அல்விஸ் குளத்தைச் சுற்றி வெட்டிய மனிதத் தலைகள் வைக்கப்பட்டிருந்தன. கொல்லப்பட்டவர்கள் சிங்கள இளைஞர்கள். இன்று அதே குளத்தின் அருகே பட்டமளிப்புப் படம் எடுக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது?

பகிடிவதை இன்னொரு நோய். 1975-இல் அதற்குத் தப்ப இராமநாதன் விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி வாழ்நாள் முழுவதும் எழுந்து நடக்கவில்லை. 1997-இல் பொறியியற் பீடத்துத் தமிழ் மாணவர் ஒருவர் வதையால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்; அந்த வழக்கில் குற்றவாளியாகக் காணப்பட்டவரும் தமிழ் மாணவரே. மறு ஆண்டே பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. சட்டம் வந்து கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது. வதை அடங்கியதே தவிர ஒழியவில்லை. புதுமுகப் பிள்ளைகள் வரும் மாதங்களில் பெற்றோரின் முதற்கேள்வி இன்னும் அதுவாகவே இருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளைகள்

இந்தக் கதையில் எனக்கு முக்கியமான மாற்றம் இதுதான். மலைநாட்டுத் தோட்டங்களுக்கு உழைப்பைக் கொடுத்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஒரு தோட்டத்தை எடுத்துப் பல்கலைக்கழகம் கட்டிய நாடு, 1948-இல் அந்த உழைப்பாளிகளின் குடியுரிமையைப் பறித்தது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியிலேயே கிடந்தன. ஒரு ஆசிரியர், ஒரு கொட்டகை, ஐந்தாம் வகுப்போடு சரி. எழுபதுகளில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஹந்தானையில் கொழுந்து பறித்த தாய்க்குக் கீழே தெரியும் செனட் கட்டடத்தின் கூரை கண்ணுக்கு எட்டும் தூரம்; அவளுடைய பிள்ளைக்கோ எட்டாத தூரம்.

இன்று நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டத் தோட்டங்களிலிருந்து பேராதனைக்கு வரும் பிள்ளைகள் அதிசயம் அல்ல. கலை, விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் எங்கும் இருக்கிறார்கள், விரிவுரையாளர்களாகவும் இருக்கிறார்கள். ஆயினும் அவர்களுடைய மக்கள்தொகைப் பங்குக்கு இந்த எண்ணிக்கை இன்னும் மிகக் குறைவு. காரணம் பல்கலைக்கழக வாசலில் இல்லை. விஞ்ஞானப் பிரிவே இல்லாத மலையகப் பாடசாலைகளில் இருக்கிறது.

கணக்கு

பழைய பேராதனையை நினைத்து ஏங்குபவர்களுக்கு ஒரு பதில் உண்டு: அந்தப் பூந்தோட்டத்துக்குள் உங்களுக்கு இடம் இருந்தது, எங்களில் பலருக்கு இருக்கவில்லை. இன்றைய பேராதனையைக் கொண்டாடுபவர்களுக்கும் ஒரு கேள்வி உண்டு: வாசலைத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவர்களைப் படுக்க இடமில்லாமலும் பேசப் பொதுமொழி இல்லாமலும் விட்டது யார் பொறுப்பு? ஒரே விடுதியில் நான்கு ஆண்டு இருந்தும் பக்கத்து அறைப் பையனின் பெயரைத் தவிர வேறெதுவும் தெரியாமல் பட்டம் வாங்கிப் போகும் தமிழ், சிங்கள மாணவர்கள் இருக்கிறார்கள். தங்கிப் படிப்பதற்காக மலையேறிய பல்கலைக்கழகத்துக்கு இது தோல்விதான்.

செய்யக்கூடியவை பெரிய வித்தைகள் அல்ல. புதிய கற்கைநெறி தொடங்கும் முன் விடுதி கட்டவேண்டும். தமிழ்ப் பிள்ளைக்குச் சிங்களமும் சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் பெயருக்கல்லாமல் பேசும் அளவுக்குக் கற்பிக்கவேண்டும். 'வல'வில் ஆண்டுக்கு ஒரு தடவையாவது இரு மொழி நாடகங்களும் ஒரே இரவில் ஏறவேண்டும். மலையகத்தின் ஒவ்வொரு கல்வி வலயத்திலும் முழுமையான விஞ்ஞானப் பிரிவு கொண்ட தமிழ்ப் பாடசாலைகள் வேண்டும். இவற்றைப் பழைய மாணவர் சங்கங்கள் உரக்கக் கேட்கவேண்டும். வெளிநாடுகளில் ஆண்டுதோறும் கூடிப் பாடிக் கலையும் பேராதனைக்காரர்களுக்கு அந்தக் கடமை இன்னும் கூடுதலாக உண்டு.