பாலிகஞ்சில் ஃபிளாட் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் கேட்க வேண்டிய 7 சட்டக் கேள்விகள்

வேலைக்காக கொல்கத்தா வந்து, லேக் மார்க்கெட் பக்கம் சில வருஷம் வாடகைக்கு இருந்து, இப்போ பாலிகஞ்சில் சொந்தமா ஒரு ஃபிளாட் பார்க்கலாம்னு நினைக்கிறீங்களா? சென்னையில் வீடு வாங்கிய அண்ணனோ அக்காவோ கொடுக்கும் அட்வைஸ் பாதிதான் இங்கே செல்லும். பட்டா, சிட்டா, ஈசி என்று கேட்டால் புரோக்கர் முழிப்பார். இங்கே பேப்பர்களும் வேறு, வரும் சிக்கல்களும் வேறு.

ஏன் வேறு? பாலிகஞ்சில் புதிதாக எழும் அப்பார்ட்மென்ட்களில் பலவும் பழைய குடும்ப வீடுகளை இடித்துக் கட்டப்படுபவை. நிலம் ஒரு குடும்பத்துடையது. கட்டுபவர் இன்னொருவர். அவரை இங்கே ‘புரமோட்டர்’ என்பார்கள். இருவருக்கும் இடையே ஒரு டெவலப்மென்ட் அக்ரிமென்ட் இருக்கும்: இத்தனை ஃபிளாட் உரிமையாளருக்கு, இத்தனை புரமோட்டருக்கு என்று. ஆக, புரமோட்டரின் பெயரை மட்டும் விசாரித்தால் போதாது. அந்தக் குடும்பத்தின் கதையும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

1. நிலம் உண்மையில் யாருடையது?

தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்து என்றால் பிறப்பாலேயே பங்கு உண்டு என்று கேட்டு வளர்ந்திருப்போம். அது மிதாக்ஷரா முறை. வங்காள இந்துக் குடும்பங்களுக்கு தாயபாக முறை. அப்பா உயிரோடு இருக்கும்வரை பிள்ளைகளுக்கு அவர் சொத்தில் பிறப்புரிமை கிடையாது. ஆனால், அவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் பங்கு வரும். கல்யாணமாகி வெளியூர் போன மகளுக்கும்தான். குடும்பம் வசிக்கும் வீட்டில் பெண் வாரிசுகள் பாகம் பிரிக்கக் கேட்க முடியாது என்று இருந்த தடையும் 2005இல் நீங்கிவிட்டது.

எனவே வாரிசுகளின் முழுப் பட்டியலைக் கேளுங்க. அமெரிக்காவில் இருக்கும் மகன், டெல்லியில் இருக்கும் அத்தை உட்பட அத்தனை பேரும் டெவலப்மென்ட் அக்ரிமென்ட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? ஒருவர் விடுபட்டாலும் பின்னாளில் கோர்ட் வாசலில் நிற்பது நீங்கள்தான்.

2. புரமோட்டர் கையெழுத்துப் போட்டால் போதுமா?

நில உரிமையாளர்கள் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்துத்தான் புரமோட்டர் விற்பார். அது பதிவு செய்யப்பட்டதா, விற்கும் அதிகாரம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்க. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த பவர் செல்லாது. சில விதிவிலக்குகள் உண்டு, அதை வக்கீல்தான் சொல்ல வேண்டும். வெறும் பவர் பத்திரமும் அக்ரிமென்ட்டும் வைத்து வீடு உங்களுடையது ஆகாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பதிவு செய்த கிரயப் பத்திரம் கட்டாயம் வேண்டும். அதை இங்கே ‘டீட் ஆஃப் கன்வேயன்ஸ்’ என்பார்கள்.

3. பத்திரம் பதிவாகிவிட்டால் சேஃப்தானே?

இல்லை. இங்கிலாந்தில் அரசின் நிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அந்த உரிமைக்கு அரசே உத்தரவாதம். இந்தியாவில் அப்படி இல்லை. இங்கே பதிவாவது பத்திரம் மட்டுமே. தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிப்படுத்தியது: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல.

அந்த வேலையை உங்கள் வக்கீல் செய்ய வேண்டும். இங்கே அதற்குப் பெயர் ‘சர்ச்சிங்’. குறைந்தது 30 வருடப் பதிவுகளைத் தேடச் சொல்லுங்க. கொல்கத்தாவில் ஒரே சொத்தின் பத்திரங்கள் வெவ்வேறு பதிவு அலுவலகங்களில் இருக்கலாம். எல்லா இடத்திலும் தேட வேண்டும். பழைய பத்திரங்கள் வங்காள மொழியிலும் இருக்கும். புரமோட்டர் ‘நம்ம வக்கீலே எல்லாருக்கும் பார்க்கிறார்’ என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு உங்களுக்கென்று தனியாக ஒருவரை வைத்துக்கொள்ளுங்க. லட்சங்களில் போகும் செலவில் இது சின்னத் தொகை.

இரண்டு விஷயங்களைக் குறிப்பாகக் கேளுங்க. அந்த நிலம் ‘டிக்கா’ நிலமா? 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி டிக்கா நிலங்கள் மாநில அரசின் வசமாகிவிட்டன. சாதாரண நிலம் போல அவற்றை விற்க முடியாது. அடுத்தது, பழைய வாடகைதாரர்கள் இருந்தார்களா, அவர்களோடு எழுத்தில் செட்டில் ஆகிவிட்டதா?

4. ரெராவில் பதிவு இருக்கா?

மேற்கு வங்கம் ரெராவுக்குப் பதிலாகத் தனிச்சட்டம் வைத்திருந்தது. 2021 மே 4 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இப்போது இங்கேயும் மத்திய ரெரா சட்டம்தான்.

அதன்படி, பதிவு செய்த விற்பனை அக்ரிமென்ட் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். கட்டுமானக் குறை இருந்தால் 5 வருடம் வரை புரமோட்டர்தான் பொறுப்பு.

இதில் ஒரு சிக்கல். நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டாவிட்டாலோ, வீடுகள் எட்டைத் தாண்டாவிட்டாலோ மத்தியச் சட்டப்படி பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்பது சுமார் ஏழரை கட்டா. (ஒரு கட்டா 720 சதுர அடி, நம்ம கணக்கில் 1.65 சென்ட்.) பழைய வீட்டு மனைகள் பல இதைவிடச் சின்னவை. மாநில அரசு இந்த வரம்பைக் குறைக்கலாம் என்பதால், ‘சின்ன பில்டிங், தேவையில்லை’ என்று சொன்னால் அப்படியே நம்பாமல் மேற்கு வங்க ரெரா இணையதளத்தில் தேடிப் பாருங்க. பதிவு இல்லாவிட்டாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி உண்டு.

5. கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் எங்கே?

கொல்கத்தா மாநகராட்சி அனுமதித்த பிளானும், கட்டி முடித்த பின் தரும் கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட்டும் வேண்டும். அனுமதி நான்கு மாடிக்கு இருந்து கட்டியது ஐந்து என்றால், அந்த ஐந்தாவது மாடி ஃபிளாட்டை விலை குறைவு என்று வாங்காதீங்க. 2024 மார்ச்சில் கார்டன் ரீச்சில் சட்டவிரோதமாகக் கட்டப்பட்ட ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து 10 பேருக்கு மேல் இறந்தார்கள். இது வெறும் பேப்பர் விஷயமில்லை.

6. மொத்தம் எவ்வளவு கையைக் கடிக்கும்?

மேற்கு வங்க நகர்ப்புறங்களில் முத்திரைத்தாள் கட்டணம் 1 கோடி ரூபாய் வரை 6%, அதற்கு மேல் 7%. பதிவுக் கட்டணம் 1%. அதாவது 1.2 கோடி ஃபிளாட்டுக்கு 9.6 லட்சம். (தமிழ்நாட்டின் 7 + 2 கணக்கில் 10.8 லட்சம் வரும்.) பத்திர விலையைவிட அரசு மதிப்பு அதிகமாக இருந்தால் அதன்மீதுதான் கட்ட வேண்டும்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் என்றால் ஜிஎஸ்டி 5%. 45 லட்சத்துக்குள் உள்ள சிறிய வீடுகளுக்கு 1%. கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் வந்த பின் வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், 1% டிடிஎஸ் பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது. விற்பவர் என்ஆர்ஐ என்றால் இந்த 1% பொருந்தாது, அதிகம் பிடிக்க வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் பணம் அனுப்பாதீங்க.

7. சாவி வாங்கியாச்சு, முடிஞ்சுதா?

இன்னும் ஒன்று இருக்கிறது. மாநகராட்சியில் சொத்து வரிக் கணக்கை உங்கள் பெயருக்கு மாற்றும் ‘மியூட்டேஷன்’. நம்ம ஊர் பட்டா மாற்றம் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால், மியூட்டேஷன் மட்டும் உரிமைக்குச் சான்று ஆகாது. கூடவே, நிலத்தில் உங்கள் பிரிக்கப்படாத பங்கு எவ்வளவு, மொட்டை மாடி பொதுவா, பார்க்கிங் எது என்பதெல்லாம் பத்திரத்திலேயே இருக்கிறதா என்று முன்பே சரிபார்த்திருக்க வேண்டும்.

‘இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க, இன்னைக்கே டோக்கன் போடுங்க’ என்று அவசரப்படுத்தினால், ‘முதல்ல பேப்பர் ஜெராக்ஸ் கொடுங்க, வக்கீல் பார்க்கட்டும்’ என்று சொல்லுங்க. அதற்குத் தயங்கினால் அடுத்த ஃபிளாட்டைப் பார்க்கலாம்.