ஒன்று விழுந்தால் மற்றது

வங்கிக்கும் பரீட்சை முடிவுக்கும் பின்னால் வழங்கிக் கணினிகள் இருக்கின்றன. முக்கியமான வேலையில் ஒன்றைத் தனியே விடமாட்டார்கள், இன்னொன்று காத்திருக்கும். இரண்டும் "இருக்கிறேன்" என்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொள்ளும். முதலாவது மௌனமானால் மற்றது பொறுப்பேற்கும், எங்கள் அதிபர் லீவில் போனால் பிரதி அதிபர் கையொப்பமிடுவதுபோல.

திரும்பி வருவதுதான் சிரமம். லீவு முடிந்த அதிபர், இடையில் என்ன கடிதம் போனதென்று பார்க்காமல் கையொப்பமிட்டால் குழப்பமே. முதல் வழங்கியும் தானில்லாதபோது பதிந்த தரவுகளை முழுதாகப் பிரதிசெய்த பின்னரே கதிரையில் அமரலாம். பொறுப்பேற்பதைக் கணினியிடமே விட்டாலும், திரும்புவதை மனிதர் பார்த்துச் செய்வதே நல்லதென்பேன்.

இன்னொரு பயமும் உண்டு. காத்திருக்கும் வழங்கி கெட்டதையும் சேர்த்தே பிரதிசெய்யும். 2023இல் கப்பம் கேட்கும் நச்சுநிரல் இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையைத் தாக்கியபோது, இணைப்பிலிருந்த பிரதிகளும் பூட்டப்பட்டன. சேவை மீண்டது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளவில்லை. பதுளையிலிருந்தும் பசறைத் தோட்டங்களிலிருந்தும் அரச அலுவலகங்களுக்கு மின்னஞ்சலில் விண்ணப்பிக்கும் பெற்றோரே, அச்செடுத்த பிரதியொன்றை வீட்டிலும் வையுங்கள்.