கேட்டி பள்ளி நூலகங்கள்: எந்த நூலுக்கு இடம் என்பதை யார் தீர்மானிப்பது?

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்கு மேற்கே அமைந்துள்ள கேட்டி பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் உள்ளிட்ட தெற்காசியர் பலர் வாழ்கின்றனர். இங்குள்ள பள்ளி மாவட்டத்தின் நூலகங்களிலிருந்து 2021 அக்டோபரில் சிறுவர் நூலொன்று அகற்றப்பட்டமை நாடளாவிய விவாதத்தைக் கிளப்பியது.

ஜெர்ரி கிராஃப்ட் எழுதி வரைந்த 'நியூ கிட்' என்ற அந்தச் சித்திரக்கதை, வெள்ளையினத்தவர் பெரும்பான்மையாக உள்ள தனியார் பள்ளியில் சேரும் கறுப்பினச் சிறுவனின் அனுபவங்களைச் சொல்கிறது. அமெரிக்கச் சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கத்தை 2020ஆம் ஆண்டு வென்றது. சித்திரக்கதை ஒன்று அப்பதக்கத்தை வென்றது அதுவே முதல்முறை.

நூல் 'விமர்சன இனக் கோட்பாட்டை'ப் புகட்டுவதாகக் குற்றஞ்சாட்டிய மனுவில் சுமார் 400 பேர் கையெழுத்திட்டிருந்தனர். நூல் அகற்றப்பட்டது; நூலாசிரியர் மாணவர்களை இணையவழி சந்திக்கவிருந்த நிகழ்ச்சியும் ஒத்திவைக்கப்பட்டது. மீளாய்வுக் குழு அதனை மாணவர்களுக்கு ஏற்ற நூல் என்று முடிவு செய்ததையடுத்து, அதே மாதத்தில் நூல் மீண்டும் நூலகங்களுக்கு வந்தது.

ஆட்சேபம் தெரிவிக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஆனால் மீளாய்வு முடியும்வரை நூல் வாசகருக்குக் கிடைக்க வேண்டும் என்பதே அமெரிக்க நூலகச் சங்கத்தின் வழிகாட்டுதல். கேட்டியில் இந்த வரிசை தலைகீழானது.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டு இங்கு பொருந்துகின்றன. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரை அடைய வேண்டும். சிறுபான்மைக் குழந்தை தன் வாழ்வை நூலில் காண்பதும், ஏனைய குழந்தைகள் அவ்வாழ்வை அறிந்துகொள்வதும் இதில் அடங்கும்.

டெக்சஸில் 2025ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், பள்ளி நூலகங்களுக்கு வாங்கும் நூல்களுக்குப் பள்ளி வாரியத்தின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள நூலக ஆலோசனைக் குழுக்களுக்கும் அது வழிசெய்தது. நூல் தேர்வில் பயிற்சி பெற்ற நூலகர்களின் அதிகாரம் இதனால் சுருங்குகிறது.

அதேவேளை, அக்குழுக்களில் யார் அமர்கிறார்கள் என்பது முக்கியமாகிறது. போர், புலம்பெயர்வு, சாதி ஆகியவற்றைப் பேசும் தமிழர் கதைகளும் சிலருக்குச் சங்கடம் தரக்கூடியவையே. அத்தகைய நூலுக்கு எதிராக மனு வரும் நாளில், அதனை முழுமையாகப் படித்துவிட்டு முடிவெடுக்கும்படி கோரக்கூடிய தமிழ்ப் பெற்றோர் அக்குழுவில் இருப்பார்களா என்பதே கேள்வி.