ஒரு திரையில் மூன்று பக்கம்!

குட்டீஸ்! ஜன்னல் சட்டத்துக்குள் பல கண்ணாடிகள் இருக்கும் அல்லவா? இணையப் பக்கத்தையும் அப்படிப் பிரித்தால் அதுதான் 'ஃப்ரேம்'. 1996-ல் வெளியான நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 இதைக் கொண்டு வந்தது. டிரீம்வீவர் மென்பொருளில் எல்லைக்கோட்டை மவுஸால் இழுத்தே பிரிக்க முடிந்தது.

மேலே தலைப்பு, இடப்பக்கம் பட்டியல், நடுவில் பாடம். மூன்றுக்கும் தனித்தனிக் கோப்பு, சட்டத்துக்கு இன்னொன்று. பட்டியலில் சொடுக்கினால் பாடம் எந்தக் கட்டத்தில் திறக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். மறந்தால், ஒல்லியான பட்டியல் கட்டத்துக்குள்ளேயே பாடம் மாட்டிக்கொள்ளும்!

இன்னொரு குறை: எந்தப் பாடத்தைத் திறந்தாலும் மேலே முகவரி மாறாது. அதை நண்பனுக்கு அனுப்பினால், அவனுக்கு முதல் பாடமே வரும். அதனால்தான் 2014-ல் தரமாக அறிவிக்கப்பட்ட ஹெச்.டி.எம்.எல்.5 இம்முறையைக் கைவிட்டது.

வீடு அழகாக இருந்தால் போதுமா? முகவரியும் சரியாக இருக்க வேண்டுமே!